கடைமடை பேட்டரி

ராத்திரி இரண்டு மணிக்கு ஹீட்டர் நின்றுபோனது.

ஜூலை மாதம். தெற்கு ஆஸ்திரேலியாவின் மேற்குக் கோடியில், நல்லார்பார் ரோட்ஹவுஸை அடுத்த பொட்டல்வெளியில் கேரவனை நிறுத்தியிருந்தோம். கண்ணுக்கு எட்டிய தூரம் மரம் கிடையாது. அந்தச் சமவெளியின் பெயரே 'மரமில்லாதது' என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து வந்ததுதான். கடலிலிருந்து கிளம்பிய காற்று கேட்பாரில்லாமல் வந்து கேரவன் சுவரை அறைந்துகொண்டிருந்தது.

ஸ்விட்சை மறுபடி போட்டேன். டீசல் ஹீட்டர் முனகியது. உள்ளே பற்றவைக்கும் கம்பி சூடேறத் தொடங்கியதும் விளக்குகள் மங்கின. திரையில் பிழை எண் வந்தது. மின்னழுத்தம் போதவில்லை என்று அதற்குப் பொருள். இன்னொரு முறை போட்டேன். அதே எண்.

அம்மாவுக்கு 71 வயது. வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். மார்கழிப் பனியைத் தாண்டி வேறு குளிர் பார்த்ததில்லை. கைவசம் இருந்த கம்பளி எல்லாவற்றையும் அவர்மேல் போர்த்தினோம். என் கணவர் எழுந்து கேஸ் அடுப்பில் வெந்நீர் போட்டு, ரப்பர் பையில் ஊற்றிக் கால்மாட்டில் வைத்தார். போர்வைக்குள்ளிருந்து அம்மா கேட்டார்:

"ஏம்மா, வண்டி இன்னிக்கு முந்நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கு. ஓடுறப்பவே பேட்டரி ஏறிக்கும்னு நீதானே சொன்னே?"

நான்தான் சொன்னேன். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்து முடிக்க இரண்டு மாதம் ஆனது. கேரவன் வைத்திருப்பவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் அது பயன்படும் என்பதால் முழுதாக எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஏற்பாடு

நாங்கள் அடிலெய்டில் இருக்கிறோம். ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்த அம்மாவுக்குத் திமிங்கலம் பார்க்க ஆசை. ஹெட் ஆஃப் பைட் என்ற இடத்தில் குளிர்காலத்தில் சதர்ன் ரைட் வகைத் திமிங்கலங்கள் குட்டி போட வரும். கடலோரப் பாறைமுகட்டில் நின்றபடியே பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு அப்படியே நல்லார்பாரைக் கடந்து பெர்த் போய் வருவதாகத் திட்டம்.

கேரவன் பழையது, 18 அடி. அதில் 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் வகை ஈய-அமில பேட்டரி இரண்டு. இழுக்கும் வண்டி ஓரளவு புதிய டீசல் வண்டி. கேரவன் வாங்கிய கையோடு ஒரு பணிமனையில் விட்டு, வண்டியின் ஆல்டர்நேட்டரிலிருந்து கேரவன் பேட்டரிக்கு இணைப்புப் போட்டு வாங்கினோம். வண்டியின் பின்புறம் சாம்பல் நிறத்தில் தடித்த பிளக் ஒன்று தொங்கும். ஆஸ்திரேலியாவில் கேரவன்காரர்கள் எல்லோரும் அதை ஆண்டர்சன் பிளக் என்பார்கள். 50 ஆம்பியர் தாங்கும். கொக்கியை மாட்டி, சங்கிலி போட்டு, விளக்கு பிளக்கைச் செருகி, கடைசியாக ஆண்டர்சனைச் செருகினால் பயணத்துக்குத் தயார். செருகியதும் கேரவனுக்குள் ஒரு பச்சை விளக்கு எரியும். அது எரிந்தால் சார்ஜ் ஆகிறது என்று நம்பினேன்.

ஒரு நாளைக்கு எங்கள் செலவு ஏறக்குறைய 60 ஆம்பியர்-மணி. கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் 35 முதல் 40, இரவு முழுக்க ஹீட்டர் ஓடினால் 15, மீதி விளக்கு, தண்ணீர் மோட்டார், போன். ஏஜிஎம் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். ஆக 200-இல் நிம்மதியாக எடுக்கக்கூடியது 100.

போர்ட் அகஸ்டாவில் கரண்ட் இணைப்புள்ள இடத்தில் தங்கி பேட்டரியை முழுக்க ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கிம்பாவில் ஓர் இரவு, சிடூனாவில் ஓர் இரவு. இரண்டு இடத்திலும் கரண்ட் இணைப்பு எடுக்கவில்லை; ஓடும்போது ஏறிக்கொள்ளும் என்ற நம்பிக்கை. மூன்றாம் இரவு நல்லார்பாரில் ஹீட்டர் நின்றது. கூட்டிப் பார்த்தால், அந்த மூன்று நாளில் வண்டியிலிருந்து பேட்டரிக்கு ஒன்றுமே வரவில்லை என்றுதான் ஆகிறது.

அனுப்பியதும் வந்ததும்

காலையில் பக்கத்துக் கேரவன்காரரிடம் மல்டிமீட்டர் கேட்டேன். ஓய்வுபெற்றவர், கிளாம்ப் மீட்டரும் சேர்த்துக் கொண்டுவந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து வண்டி பேட்டரியில் வைத்துப் பார்த்தோம்: 14.2 வோல்ட். நல்ல எண். "சரி, கேரவன் பக்கம் எவ்வளவு?" என்று கேட்டார். அதுவரை அங்கே நான் அளந்ததே இல்லை. கட்டிலைத் தூக்கி, கேரவன் பேட்டரியின் முனையில் வைத்தேன்: 12.8. கேபிளைச் சுற்றி கிளாம்ப் மீட்டரை மாட்டினால் 20 ஆம்பியர்.

அங்கே 14.2, இங்கே 12.8. நடுவில் 1.4 வோல்ட் எங்கே போனது?

அம்மா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் இவரிடம் எண்களைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், "நம்ம ஊரு கதைதான்" என்றார். "மேட்டூர்ல தொறந்துட்டாங்கன்னு பேப்பர்ல போட்டுருவான். நம்ம வாய்க்காலுக்கு வந்தாத்தானே தண்ணி? அங்க எத்தனை கன அடி வுட்டான்னு கேட்டு நாம என்ன பண்ண?"

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு மின்சாரம் சொல்லித் தந்ததில்லை. எங்கள் ஊர் காவிரியின் கடைமடை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரில் மதகு திறப்பது எங்களுக்கு ஒரு செய்தி மட்டும்தான். வழியில் உள்ள வாய்க்கால் எவ்வளவு அகலம், எங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே உடைப்பு என்பதையெல்லாம் பொறுத்துத்தான் எங்கள் வயலில் ஈரம். கேரவன் பேட்டரியும் கடைமடைதான். ஆல்டர்நேட்டர் மேட்டூர், கேபிள் வாய்க்கால். நான் மூன்று நாளாகப் பார்த்துவந்த பச்சை விளக்கு, மதகு திறந்தாயிற்று என்ற செய்தியை மட்டும் சொன்னது.

வாய்க்காலின் அகலம்

மின்னழுத்த இழப்புக்கான கணக்கு எளிது. மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் இழக்கும் வோல்ட் கிடைக்கும். செம்புக் கேபிளின் தடை நீளத்தோடு கூடும், குறுக்குவெட்டுப் பரப்போடு குறையும். ஒரு மீட்டர் நீளம், ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள செம்புக் கம்பியின் தடை ஏறத்தாழ 0.0175 ஓம். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும்.

எங்கள் வண்டி பேட்டரியிலிருந்து கேரவன் பேட்டரி வரை 9 மீட்டர். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும். ஆகவே 18 மீட்டர். திரும்பும் வழியைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்கள் நிறையப் பேர்.

பணிமனையில் எங்களுக்குப் போட்டிருந்தது '6 மில்லிமீட்டர்' என்று விற்கும் ஆட்டோ கேபிள். ஆஸ்திரேலியாவில் புதிதாகக் கேபிள் வாங்குபவர் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது: அந்த 6 மில்லிமீட்டர் என்பது செம்பின் பரப்பைக் குறிப்பதல்ல, மேலுறையையும் சேர்த்த தடிமனை வைத்துச் சொல்வது. உள்ளே இருக்கும் செம்பு ஏறக்குறைய 4.6 சதுர மில்லிமீட்டர்தான். கணக்குப் போட்டால் 18 மீட்டருக்குத் தடை 0.0685 ஓம், 20 ஆம்பியர் ஓடினால் இழப்பு 1.4 வோல்ட். மீட்டரில் நான் பார்த்ததும் அதேதான்.

அதே தூரத்துக்கு 8 பி அண்ட் எஸ் கேபிள் போட்டிருந்தால் செம்பு சுமார் 8 சதுர மில்லிமீட்டர், இழப்பு 0.8 வோல்ட். 6 பி அண்ட் எஸ் என்றால் சுமார் 13.5 சதுர மில்லிமீட்டர். இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. இந்த அளவையில் எண் சிறிதாகச் சிறிதாகக் கேபிள் தடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

மெல்லிய கேபிள் மின்சாரத்தை ஒரேயடியாகத் தடுத்துவிடாது. காலி பேட்டரிக்கு முதலில் ஓரளவு ஓடும். ஆனால் ஏஜிஎம் பேட்டரி முழுக்க ஏற அதன் முனையில் 14.4 வோல்ட் அளவில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். பேட்டரி ஏற ஏற, இரு முனைக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து, வரும் ஆம்பியரும் சிறுத்துப்போகும். முக்கால் வயிற்றோடு நின்றுவிடும் பேட்டரி, மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் தகடுகளில் உப்புப் படிந்து கொள்ளளவையே இழக்கும்.

இது முதல் காரணம். ஆனால் இது மட்டும் காரணமாக இருந்தால் மூன்று நாளில் கொஞ்சமாவது ஏறியிருக்க வேண்டுமே. இரண்டாவது காரணம் சாலையில்தான் தெரிந்தது.

கண்ணுக்கு நேரே இருந்த எண்

அன்று மேற்கே கிளம்பினோம். எங்கள் வண்டியின் லைட்டர் சாக்கெட்டில் ஒரு போன் சார்ஜர் செருகியிருக்கும். அதன் முகப்பில் வண்டியின் வோல்ட் சிவப்பில் ஒளிரும். கிளம்பியபோது 14.2. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன்: 12.5. ஏதோ பழுது என்று நினைத்து இவரிடம் சொன்னேன். இவர் பெட்ரோல் பங்க் வளைவுக்கு வேகத்தைக் குறைத்தபோது எண் சட்டென்று 14.8-க்கு ஏறியது. மறுபடி வேகம் பிடித்ததும் 12.5.

பழுது இல்லை. அந்த ஆல்டர்நேட்டரின் இயல்பே அது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த பல வண்டிகளில் ஆல்டர்நேட்டரை இஞ்சினின் கணினி ஆள்கிறது. ஆல்டர்நேட்டரைச் சுற்ற இஞ்சின் சக்தி வேண்டும். சக்தி என்றால் எரிபொருள். ஐரோப்பியப் புகைக் கட்டுப்பாடுகள் இறுகியதும், தயாரிப்பாளர்கள் ஒரு வழி கண்டார்கள். வண்டி பேட்டரி நிறைந்துவிட்டால் வோல்ட்டைக் குறைத்துவிடு. ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வண்டியின் வேகத்திலிருந்தே இலவசமாகக் கிடைப்பதை வாங்கிக்கொள்ள வோல்ட்டை ஏற்று. வண்டிக்கு இது நல்லது. பின்னால் தொங்கும் கேரவனைப் பற்றி அந்தக் கணினிக்குத் தெரியாது.

எங்கள் வண்டியில் போட்டிருந்த ஐசொலேட்டர் வோல்ட்டைப் பார்த்து வேலை செய்வது. இத்தகையவை பொதுவாக 13.2 வோல்ட் தாண்டினால் இஞ்சின் ஓடுகிறது என்று கொண்டு இரு பேட்டரிகளையும் சேர்க்கும், 12.7-க்குக் கீழே இறங்கினால் இஞ்சின் நின்றுவிட்டது என்று கொண்டு பிரித்துவிடும். வண்டி பேட்டரி காலியாகி நடுவழியில் நிற்காமல் இருக்க அது அவசியமான காவல். பழைய வண்டிகளில் ஆல்டர்நேட்டர் எப்போதும் 14 வோல்ட் அளவில் நிற்கும் என்பதால் இந்தக் கணக்கு சரியாக வந்தது. எங்கள் வண்டியில் பத்தாவது நிமிடத்தில் வோல்ட் இறங்குகிறது. ஐசொலேட்டர் கதவைச் சாத்துகிறது. அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் ஓடினாலும் கேரவனுக்கு ஒன்றும் இல்லை. பணிமனையில் ஸ்டார்ட் செய்து சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்ததற்கும் அந்த முதல் பத்து நிமிடமே காரணம்.

மலைப்பாதையாக இருந்தால் இறக்கங்களில் அவ்வப்போது கதவு திறந்திருக்கும். நல்லார்பாரில் இறக்கம் ஏது? பாலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே ஏர் நெடுஞ்சாலை 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாமல் போகிறது. பிரேக்கில் கால் வைக்கவே வேலையில்லை. அந்த நேர்கோடு முழுக்க நான் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். 12.5-ஐ விட்டு அது அசையவில்லை.

யூக்லாவின் மேசை

அந்த நேர்கோட்டுக்கு முன்பு, எல்லையைத் தாண்டியதும் யூக்லா வருகிறது. கடிகாரத்தை 45 நிமிடம் பின்னால் திருப்பிக்கொள்ளும் ஊர். கடற்கரைப் பக்கம் மணல்மேடுகளுக்குள் பாதி புதைந்து நிற்கிறது 1877-இல் திறந்த தந்தி நிலையத்தின் கல்சுவர். அம்மா மணலில் மெல்ல நடந்துவந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

அந்தக் காலத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவும் மேற்கு ஆஸ்திரேலியாவும் தனித்தனிக் காலனிகள். இரண்டும் பயன்படுத்திய மோர்ஸ் குறியீடுகள் வேறு வேறு. கம்பியை நேராக முடிச்சுப் போட்டு இணைத்துவிட முடியாது. கிழக்கிலிருந்து வரும் செய்தியை ஒருவர் கேட்டுத் தாளில் எழுதுவார். அந்தத் தாளை எதிரே இருப்பவரிடம் கொடுப்பார். அவர் தம் பக்கத்துக் குறியீட்டில் மேற்கே தட்டுவார்.

எனக்குத் தேவைப்பட்டதும் அப்படி நடுவில் உட்கார்ந்து வாங்கிக் கொடுக்கும் ஒன்றுதான் என்பது அன்று இரவு யூக்லாவில் கரண்ட் இணைப்பெடுத்து, ஹீட்டர் சூட்டில் உட்கார்ந்து படித்தபோது புரிந்தது. அதற்குப் பெயர் டிசி-டிசி சார்ஜர். வண்டி பக்கத்திலிருந்து 12.5 வந்தாலும் 14.8 வந்தாலும் 11.5-க்குச் சரிந்தாலும் வாங்கிக்கொள்ளும். கேரவன் பேட்டரிக்கு அது கேட்கும் வோல்ட்டை, அது கேட்கும் கட்டங்களில் கொடுக்கும்: முதலில் முழு ஆம்பியர், பிறகு 14.4-இல் நிறுத்தி மெல்ல மெல்லக் குறைத்தல், நிறைந்ததும் 13.5 அளவில் தாங்கிப் பிடித்தல். சோலார் பலகையையும் இணைக்கக்கூடியவை உண்டு. இத்தகைய சார்ஜர்களுக்குப் பெயர்பெற்ற ரெட்ஆர்க் எங்கள் அடிலெய்டில் 1979-இல் தொடங்கிய நிறுவனம் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

பெர்த் போய்த் திரும்பும்வரை ஒவ்வொரு இரவும் கரண்ட் உள்ள இடமாகப் பார்த்துத் தங்கினோம். திமிங்கலத்தைத் திரும்பும் வழியில் ஹெட் ஆஃப் பைட்டில் குட்டியோடு பார்த்தோம். அம்மா அரை மணி நேரம் பேசாமல் நின்றார். அந்தப் பயணம் வீணாகவில்லை.

மறுபடி போட்ட இணைப்பு

ஆகஸ்ட்டில் வேலையைத் தொடங்கினோம். ஆஸ்திரேலியாவில் 12 வோல்ட் வேலையை நாமே செய்யலாம். 240 வோல்ட் பக்கம் உரிமம் பெற்ற மின்பணியாளர் மட்டுமே கைவைக்க வேண்டும். நாங்கள் செய்து முடித்த பிறகு ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் காசு கொடுத்துக் கூப்பிட்டு முழுக்கச் சரிபார்க்கச் சொன்னோம். தீ விஷயத்தில் இரண்டாவது ஜோடிக் கண் வேண்டும்.

சார்ஜர் 25 ஆம்பியர். அதைக் கேரவனுக்குள், பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் வைத்தோம். இழப்பு எதுவானாலும் சார்ஜருக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். அதற்குப் பின்னால் உள்ள குட்டைக் கேபிளில் 14.4 அப்படியே போய்ச் சேர வேண்டும். மூடிய பெட்டிக்குள் வைத்தால் சார்ஜர் சூடாகித் தானே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் காற்றோட்டம் விட்டோம்.

சார்ஜர் வாங்கினால் பழைய மெல்லிய கேபிளே போதும் என்று நினைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் விட்டேன். 25 ஆம்பியரை 14.4 வோல்ட்டில் கொடுக்க 360 வாட் வேண்டும். உள்ளே வீணாவதையும் சேர்த்தால் சார்ஜர் வண்டியிடமிருந்து ஏறக்குறைய 400 வாட் கேட்கும். வோல்ட் குறையக் குறைய, அதே 400 வாட்டுக்காக அது கூடுதல் ஆம்பியர் இழுக்கும். ஆம்பியர் கூடினால் கேபிளில் இழப்பு இன்னும் கூடும். வண்டி 12.5-இல் இருக்கும்போது 6 பி அண்ட் எஸ் கேபிளில் 34 ஆம்பியர் ஓடி, 0.8 வோல்ட் போய், சார்ஜரின் வாசலில் 11.7 நிற்கும். அது சமாளிக்கும். பழைய கேபிளில் 41 ஆம்பியர் ஓடி, 2.8 வோல்ட் போய், வாசலில் 10-க்கும் கீழே விழும். கேபிள் சுடும், பல சார்ஜர்கள் நின்றே போகும். நடுவில் எத்தனை கெட்டிக்காரரை உட்காரவைத்தாலும் வாய்க்கால் அகலமாக இருந்துதான் ஆக வேண்டும்.

ஆகவே 6 பி அண்ட் எஸ் இரட்டைக் கேபிள். பாசிட்டிவுக்கு எவ்வளவு தடிமனோ நெகட்டிவுக்கும் அவ்வளவே. பழைய இணைப்பில் நெகட்டிவைப் பாதி வழியில் வண்டியின் சேசிஸில் ஒரு போல்ட்டில் கட்டியிருந்தார்கள். கழற்றினால் போல்ட்டுக்கு அடியில் துரு. இந்த முறை பேட்டரி முனையிலிருந்து முனைவரை முழுக் கேபிள்.

ஃபியூஸ் இரண்டு. வண்டி பேட்டரிக்கு அருகில் ஒன்று, கேரவன் பேட்டரிக்கு அருகில் ஒன்று, இரண்டும் 40 ஆம்பியர். ஃபியூஸ் காப்பது சார்ஜரை அல்ல, கேபிளை. இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. சார்ஜருக்கு எந்தப் பக்கம் கேபிள் நசுங்கித் தகட்டில் பட்டாலும் அந்தப் பக்கத்து பேட்டரியிலிருந்து மின்சாரம் பாயும். ஒரு முனையில் மட்டும் ஃபியூஸ் போட்டால் பாதிக் காவல்தான்.

கேபிள் முனைகளில் மாட்டும் லக்குகளை ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்தினோம். சுத்தியலால் தட்டி இறுக்கிய லக் அன்றைக்குப் பிடிக்கும். ஆயிரம் கிலோமீட்டர் கரடுமுரடான சாலை அதிர்வில் தளரும். தளர்ந்த இடத்தில் தடை, தடையில் சூடு.

கடைசியாக, சார்ஜரை எழுப்பும் மெல்லிய வயர். இஞ்சின் ஓடுகிறது என்று வோல்ட்டைப் பார்த்து ஊகிக்காமல், சாவி போட்டால் மட்டும் வரும் இணைப்பிலிருந்து அதற்குச் சைகை கொடுத்தோம். வண்டியின் வோல்ட் இறங்கினாலும் சார்ஜர் தூங்காது; சாவியை எடுத்ததும் வண்டி பேட்டரியைத் தொடாது. எங்கள் பிரச்சினையின் இரண்டாவது பாதியைத் தீர்த்தது கேபிளும் சார்ஜரும் மட்டுமல்ல, விலையில்லாத இந்த ஒற்றை வயரும்தான்.

எங்கள் வீட்டுக் கணக்கு இப்போது இப்படி: மூன்று மணி நேர ஓட்டத்தில் 75 ஆம்பியர்-மணி. அதில் ஓடும்போதே ஃபிரிட்ஜ் எடுப்பது பத்துக்குள். மீதி ஒரு நாள் செலவுக்குப் போதும். ஏஜிஎம்மின் கடைசி ஐந்திலொரு பங்கு மட்டும் மெதுவாகத்தான் ஏறும். அதை எந்தச் சார்ஜராலும் அவசரப்படுத்த முடியாது.

லித்தியம் போடப்போகிறவர்களுக்கு

பேட்டரியை மாற்றும்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்குப் போகப் பலர் ஆசைப்படுகிறார்கள். எடை பாதிக்கும் கீழே. கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் தைரியமாக எடுக்கலாம். ஆனால் அதை ஆல்டர்நேட்டரோடு நேராக இணைக்காதீர்கள். அதன் உள்தடை மிகக் குறைவு, கிடைப்பதையெல்லாம் இழுக்கும். வண்டி நின்றபடி இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்நேட்டரின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். முழுச் சுமையில் அது வெந்துபோகும். டிசி-டிசி சார்ஜர் 25 என்றால் 25-க்கு மேல் விடாது. அந்த வரம்பே ஆல்டர்நேட்டருக்குப் பாதுகாப்பு.

இன்னொன்று, உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே நிரந்தரச் சேதம் வரும். நல்ல பேட்டரிகளில் அதைத் தடுக்கும் காவல் சுற்று இருக்கும், வாங்கும்முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஏஎஸ்/என்ஸெட்எஸ் 3001.2 என்ற 2022-ஆம் ஆண்டுத் தரநிர்ணயம், கேரவனில் லித்தியம் பேட்டரி வைக்கும் இடத்தைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசுகிறது: நாம் படுத்து உறங்கும் பகுதியிலிருந்து அது முறையாக அடைத்துப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். எங்களைப் போலக் கட்டிலுக்கு அடியில் ஏஜிஎம் வைத்திருப்பவர்கள், அதே இடத்தில் லித்தியத்தை எடுத்துவைக்கும் முன் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

உங்கள் கேரவனில் இன்றே பார்க்கக்கூடியவை

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். முந்தின இரவு விளக்கு, ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடிப் பேட்டரி கொஞ்சம் காலியான ஒரு காலை நேரமாகப் பாருங்கள். நிறைந்த பேட்டரியில் ஆம்பியர் ஓடாது, இழப்பும் தெரியாது. ஸ்டார்ட் செய்து வண்டி முனையிலும் கேரவன் முனையிலும் அளந்து வித்தியாசத்தை எழுதிக்கொள்ளுங்கள். டிசி-டிசி சார்ஜர் இல்லாத நேர் இணைப்பில் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேபிளையும் இணைப்புகளையும் பாருங்கள்.

பிறகு இருபது நிமிடம் சாலையில் ஓட்டிவிட்டு, இஞ்சினை நிறுத்தாமல் ஓரமாக நின்று மறுபடி அளக்க வேண்டும். முதல் அளவுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருந்தால் உங்கள் வண்டியிலும் எங்களுடையதைப் போலக் கணினி ஆளும் 'புத்திசாலி' ஆல்டர்நேட்டர் இருக்கிறது என்று கொள்ளலாம்.

நீண்ட ஓட்டத்துக்குப் பின் நிற்கும்போதெல்லாம் ஆண்டர்சன் பிளக்கின் மேல் கை வையுங்கள். இளஞ்சூடு இருக்கலாம், கை வைக்க முடியாமல் சுடக் கூடாது. சுட்டால் உள்ளே உள்ள முனைகளில் தூசியோ களிம்போ தளர்ச்சியோ இருக்கிறது. செம்மண் சாலைகளில் போகிறவர்கள் பிளக்குக்கு மூடி போட்டுவையுங்கள். பேட்டரி இறங்கிவிட்டது என்று நின்ற இடத்திலேயே மணிக்கணக்காக இஞ்சினை ஓடவிடும் வழக்கம் வேண்டாம்; கிடைக்கும் ஆம்பியர் குறைவு, டீசல் வண்டியின் புகைவடிகட்டி அடைத்துக்கொள்ளும், பக்கத்தில் தூங்குபவர்களுக்கும் தொந்தரவு.

ஃபிளிண்டர்ஸில் ஓர் இரவு

செப்டம்பரில், அம்மா ஊருக்குக் கிளம்பும் முன், ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடருக்குப் போனோம். வில்பீனா பக்கம் இரண்டு இரவு, கரண்ட் இணைப்பில்லாத இடத்தில். இந்த முறை கேரவன் பேட்டரியின் முனையில் ஓர் அளவியைப் பொருத்தியிருந்தேன். அது சொல்வது என் போனில் தெரியும். வழியில் ஹாக்கரில் டீ குடிக்க நின்றபோது, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் எடுத்துப் பார்த்தேன். வண்டியின் சிவப்பு எண் 12.6. போனில் 14.4.

இரவு பாறைகள் குளிரை உமிழத் தொடங்கின. இவர் ஹீட்டரைப் போட்டார். பற்றவைக்கும் கம்பி சூடேறியபோது விளக்குகள் மங்கவில்லை. விசிறி சுற்றி, சூடான காற்று அம்மாவின் கட்டில் பக்கம் வந்தது.

"மாப்பிள்ளை, இன்னிக்கு வுடியிற வரைக்கும் ஓடுமா?"

"ஓடும் அத்தை. நிம்மதியாத் தூங்குங்க."

அம்மா என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தார். பகலில் பதிந்திருந்த 14.4 திரையில் கோடாக நின்றது. வோல்ட், ஆம்பியர் எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டார்.

"இது அங்க தொறந்த கணக்கா, இங்க வந்த கணக்கா?"

"இங்க வந்த கணக்கும்மா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.